அறுவை நடந்த மூக்கில் ஊசி போடும் முன்: தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரிலும் வார்டிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். முதலில் அரசு மருத்துவமனை, பிறகு தனியார். டாக்டர்களின் கவுன்சிலுக்கு ஒரு நர்ஸ் மடல் எழுதுவது வழக்கமில்லைதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் கத்தி பிடித்தவருக்கும் ஊசி பிடித்தவருக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த நடுவில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம்.

மூக்கை அழகுபடுத்த அறுவை செய்துகொண்டவர்கள், அதில் மிஞ்சிய சிறு குறையைச் சரிக்கட்ட ஃபில்லர் ஊசி (தோலுக்கு அடியில் ஜெல் போன்ற மருந்தை வைத்து நிரப்புவது) போட்டுக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. அதைத் தடை செய்யுங்கள் என்று கேட்கவில்லை. அறுவை நடந்த மூக்குக்குத் தனி விதி வேண்டும் என்று கேட்கிறேன். அறுத்த டாக்டர் தன் ஆபரேஷன் நோட்ஸை, நோயாளி கேட்காமலே, டிஸ்சார்ஜ் அன்றே அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது அந்த விதியின் முதல் வரியாக இருக்கட்டும். ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரைனோபிளாஸ்டி, அதாவது மூக்கை அழகுபடுத்தும் அறுவை, ஆன மூக்கு உடனே தன் கடைசி வடிவத்துக்கு வந்துவிடாது. பிளாஸ்டர் எடுத்த அன்று முன்னைவிட அகலமாகத்தான் தெரியும். வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். மிச்சம் வடிய, அதிலும் நுனியில் வடிய, ஒரு வருஷம் ஆகும். தடித்த தோல்காரர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். வடிந்த பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். தண்டின் மேல் விரலை ஓட்டினால் தட்டுப்படும் மேடு, செதுக்கிய இடத்தில் விழுந்த பள்ளம், ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கிய மூக்கு மடல், நுனிக்குச் சற்று மேலே கிளி மூக்கு போல நிற்கும் புடைப்பு. கைதேர்ந்தவர் செய்த கேஸிலும் இது வரும். 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை இரண்டாவது அறுவைக்கு வருவார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வாயால் சொல்லும் கணக்கு.

அந்த ஒரு வருஷத்தைத்தான் யாராலும் பொறுக்க முடிவதில்லை. அறுத்த டாக்டர் "வெயிட் பண்ணும்மா, செட் ஆகட்டும்" என்பார். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் மூக்கும் முழியுமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே அத்தனை லட்சம் கட்டினோம் என்று அம்மா அங்கலாய்ப்பார். அதே வேளையில் போனில் ஒரு ரீல் ஓடும்: கத்தி இல்லை, தையல் இல்லை, பதினைந்து நிமிஷத்தில் மூக்கு நேராகும், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்துவிட்டுப் போகலாம். அறுத்தவரிடம் திரும்பப் போகவும் கூச்சம். "போட்ட வேலையைக் குறை சொல்ற மாதிரி ஆயிடும்ல, சிஸ்டர்?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஆக, அவர்கள் போவது வேறொரு கிளினிக்குக்கு. அங்கே இருப்பவருக்கு இந்த மூக்கின் உள்வரலாறு தெரியாது.

ஃபில்லரின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தை நிரப்ப 0.1, 0.2 மில்லி போதும் என்கிற கேஸ்கள் இருக்கின்றன. அதற்காக ஒருவரை மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து, காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து ஒட்டுவது பெரிய வேலை. ரிவிஷன் எனும் இந்த இரண்டாவது அறுவை முதல் அறுவையைவிடக் கடினம். உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கும், எடுத்து வைக்கக் குருத்தெலும்பும் மிச்சம் இருக்காது. நான் கூட நின்ற சீஃப் (தலைமை சர்ஜன்) ஒருவர், தானே அறுத்த மூக்கில், தன் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, துளித்துளியாக ஹையலூரானிக் ஆசிட் என்ற கரைக்கக்கூடிய ஃபில்லர் ஜெல்லை வைப்பார். ஒவ்வொரு துளிக்கும் பிறகு ஊசியை வெளியே எடுத்துவிட்டு நுனியின் நிறத்தைப் பார்ப்பார். தோலை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவார். அப்படிச் செய்யப்பட்டவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அவர் நிரப்பியது தான் அறுத்த மூக்கை.

கத்தி படாத மூக்கில் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் தோலுக்கு அடியில், தசைப் படலத்தை ஒட்டி மேலாக ஓடும். அதனால் ஊசியை எலும்பையும் குருத்தெலும்பையும் தொடும் ஆழத்துக்குக் கொண்டுபோய் மருந்தை வைத்தால் ஓரளவு பாதுகாப்பு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். அறுவை செய்யும்போது சர்ஜன் தோலைத் தூக்குவதும் அதே ஆழத்தில்தான். ஆறிய பிறகு அந்த இடம் தழும்பாகி, தோலும் குருத்தெலும்பும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். நழுவி விலகிக்கொடுக்கும் குழாய்கள் தழும்புக்குள் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஊசி வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒட்டிப்போன தோலுக்கு அடியில் மருந்தைத் தள்ள அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த அழுத்தமே சுற்றியிருக்கும் நுண்குழாய்களை நசுக்கப் போதும். எந்தப் பக்கம் எந்த வயர் போகிறது என்று தெரியாத கன்சீல்டு சுவரில் டிரில்லிங் மெஷினை வைப்பது போன்றதுதான் இது. வீடு கட்டிய எலெக்ட்ரீஷியன் வரைந்து வைத்த படத்தை யாரும் கேட்பதும் இல்லை, அவர் கொடுப்பதும் இல்லை.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓபன் முறையில், அதாவது வெளியே தோலிலும் வெட்டித் திறந்து, அறுவை செய்துகொண்டவர்களின் தலையை நிமிர்த்திப் பார்த்தால், இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவே நிற்கும் சிறு தூணில், தலைமயிர் கனத்தில் ஒரு தழும்புக் கோடு இருக்கும். நன்றாக ஆறியிருந்தால் வெளிச்சம் அடித்துத் தேடினால்தான் அகப்படும். அந்தக் கோடு போடும்போது, மேலுதட்டிலிருந்து அந்தத் தூண் வழியாக நுனிக்கு ஏறும் சிறு தமனிகள் வெட்டுப்படுகின்றன. அதற்குப் பிறகு நுனியின் தோல் உயிரோடு இருப்பது பெரும்பாலும் பக்கவாட்டில் மடலின் மடிப்பை ஒட்டி வரும் தமனிகளை நம்பித்தான். மூக்கு மடலைக் குறுக்க அடியில் வெட்டி எடுத்திருந்தால், வெட்டு எவ்வளவு மேலே போனது என்பதைப் பொறுத்து அந்தப் பக்கத் தமனிக்கும் சேதம் வந்திருக்கலாம். இப்போது அந்த நுனியில் ஒரு துளி ஜெல் மீதமிருக்கும் குழாயை அடைத்தால், பக்கத்துக் குழாய் வந்து கைகொடுக்கும் என்று நம்ப வழியில்லை. நுனியில் எதையும் வைக்கலாமா என்பதை முடிவு செய்ய, அறுவை ஓபனா குளோஸ்டா (மூக்குக்குள் மட்டும் வெட்டுவது), அடியில் வெட்டினார்களா, உள்ளே சிலிக்கான் இம்பிளான்ட் இருக்கிறதா, இருப்பது யாருடைய குருத்தெலும்பு என்று தெரிந்தாக வேண்டும். இம்பிளான்ட் இருக்கும் மூக்கில் ஊசி வழியாகக் கிருமி போனால் அதைக் கழற்றி எடுக்கும் நிலைகூட வரும்.

இதெல்லாம் தோலோடு முடிகிற கதை. கண்ணோடு முடிகிற கதையும் இருக்கிறது.

மூக்குத் தண்டின் மேல் இறங்கும் தமனி, கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியின் கிளை. புருவங்களுக்கு நடுவே ஏறுவதும் அதன் கிளைதான். ஊசி முனை குழாய்க்குள் இருக்கும்போது பிஸ்டனை வேகமாகத் தள்ளினால், ஜெல் ரத்த ஓட்டத்தை எதிர்த்து உள்நோக்கிப் போகும். தள்ளுவதை நிறுத்தியதும் ரத்தம் அதை முன்னோக்கி அடித்துக்கொண்டு போகும்போது, அது விழித்திரைக்குப் போகும் கிளையில் புகுந்துவிடலாம். நோயாளிக்குச் சில விநாடிகளில் ஒரு கண் இருண்டுவிடும். விழித்திரை ரத்தமில்லாமல் தாங்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. அதைவிடக் குறைவு என்று சொல்வோரும் உண்டு. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்டதாக உலக மருத்துவ இதழ்களில் வெளியான 98 கேஸ்களை கனடாவின் தோல் மருத்துவர் கேட்டி பெலெஸ்னேயும் அவருடைய சகாக்களும் 2015-இல் தொகுத்தார்கள். அதில் கால்வாசி மூக்கில் போட்டவை. 2019-இல் அவர்களே அடுத்து வந்த 48 கேஸ்களைத் தொகுத்தபோது, மூக்கின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. முதல் தொகுப்பில் கொழுப்பு ஊசிதான் பெரிய குற்றவாளி. இரண்டாவதில் ஐந்தில் நான்கு பங்கு ஹையலூரானிக் ஆசிட். "கரைச்சுடலாம், பயமே இல்லை" என்று ரீல்களில் சொல்லப்படும் அதே மருந்து. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 மே மாதம் வெளியிட்ட எச்சரிக்கையில், ரத்தக் குழாய்க்குள் போய்விடும் ஆபத்து அதிகமுள்ள இடங்களாக அது எண்ணிச் சொன்னவற்றில் மூக்கும் புருவ நடுவும் இருக்கின்றன. இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி 1899-இல் வாசலினை ஊசி வழியாக உடம்புக்குள் வைத்துக் காட்டியதும், உருக்கிய பாரஃபின் மெழுகை மூக்கில் ஏற்றும் மோகம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. மூக்கில் பாரஃபின் ஏற்றியதால் பார்வை போன கேஸ் 1903-லேயே மருத்துவ இதழில் ஏறிவிட்டது. அழகுக்குப் பேர்போன கிளாடிஸ் டீகன் என்ற சீமாட்டியின் மூக்கில் வைத்த மெழுகு முகத்தில் கீழே இறங்கி, ஆயுசுக்கும் அவர் முகத்தைக் கெடுத்ததும் அந்தக் காலத்துச் சங்கதிதான்.

இங்கே ஒன்றை இடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூக்கறுபட்டவர்களுக்கு நெற்றித் தோலைத் திருப்பிப் போட்டு மூக்கு செய்யும் வித்தை நம் நாட்டினுடையது. ஆங்கிலேயப் படையில் வண்டி மாடு ஓட்டிய கௌவாஸ்ஜி என்பவருக்குப் புனேயில் அப்படிச் செய்த அறுவை 1794-இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்த பிறகுதான் ஐரோப்பாவே அதைக் கற்றுக்கொண்டது. இன்றைக்கும் புற்றுநோயில் மூக்கை இழந்தவர்களுக்கு அதே நெற்றித் தோல்தான். அதை உயிரோடு வைத்திருப்பது புருவ நடுவில் ஏறும் அந்தக் கண் தமனியின் கிளை. அந்தக் குழாயை அறுந்துவிடாமல் காப்பாற்றி மூக்கு செய்த நாட்டில், அது இருப்பதே தெரியாத கை ஊசியோடு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இனி, இந்த மடலை எழுத வைத்த கேஸ். எந்த ஊர், எந்த கிளினிக் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணின் அனுமதியும் அந்த அளவுக்குத்தான்.

ஊசி போட்டு மூன்றாம் நாள் எங்கள் ஓ.பி.க்கு வந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள். கழற்றச் சொன்னதும் கூட வந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கு நுனி ஈயம் பூசியது போல நிறம் மாறி, அதிலிருந்து இடது மடல் வரை வலை விரித்த மாதிரி நீலப் புள்ளிகள். நடுநடுவே வெள்ளைத் தலையோடு சீழ்ப் பருக்கள். அழுத்திப் பார்த்தேன், வெளுத்த இடம் வெளுத்தபடியே நின்றது. ஊசி போட்ட அன்றே மூக்கு வெள்ளையாகிக் கிடந்ததாம். கிளினிக்குக்கு போன் செய்தபோது, "அலர்ஜிதான், ஐஸ் வைங்க, பரு வந்தா ஆயின்ட்மென்ட் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் போகாத இடத்தில் ஐஸ் வைத்தால் இருக்கிற குழாயும் சுருங்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்க வேண்டிய இடம் அது. வலி தெரியவில்லையா என்று கேட்டேன். "முதல் நாள் ஒண்ணும் தெரியலை சிஸ்டர், மறுநாள்தான்" என்றாள். இப்போது வரும் பல ஃபில்லர்களில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து கலந்தே வருகிறது. அபாயத்தைச் சொல்ல வேண்டிய வலியை அது முதலில் மறைத்துவிடும்.

டியூட்டி டாக்டர் இரண்டு கேள்வி கேட்டார். என்ன மருந்து வைத்தார்கள்? இந்த மூக்கில் முன்னால் என்ன செய்திருக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் இல்லை. ஃபில்லர் பெட்டிக்குள் லாட் எண்ணோடு ஸ்டிக்கர் வரும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்ட, ஒன்று நோயாளிக்குக் கொடுக்க. அவள் கையில் இருந்தது ஜி.பே ரசீது மட்டும். வைத்தது ஹையலூரானிக் ஆசிட் என்றால் ஹையலூரானிடேஸ் போட்டுக் கரைக்கலாம். கால்சியம் சேர்ந்த வகை என்றால் அந்த மருந்து அதைக் கரைக்காது. சிலிக்கான் எண்ணெய் என்றால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை, அதுவும் முழுசாக வராது.

இரண்டாவது கேள்விக்கு அம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். நாலு வருஷத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, அழகாக லேமினேட் செய்து வைத்திருந்தார். பெயர், வயது, ரத்த வகை, சர்க்கரை அளவு, சாப்பிட வேண்டிய மாத்திரை, தையல் பிரிக்க வர வேண்டிய தேதி எல்லாம் இருந்தது. அறுவை என்ற கட்டத்துக்கு எதிரே ஒரே வரி: "பொது மயக்கத்தில் ரைனோபிளாஸ்டி செய்யப்பட்டது. அறுவைக்குப் பின் சிக்கல் இல்லை." ஓபனா, குளோஸ்டா, ஒட்டுப் போட்டார்களா, எங்கே போட்டார்கள், ஒரு வார்த்தை இல்லை. அந்த மருத்துவமனைக்கு எங்கள் டாக்டரே பேசினார். மூன்று வருஷத்துக்கு மேலான கோப்புகளை அகற்றிவிட்டோம் என்று ரெக்கார்ட்ஸ் பிரிவில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் விதியை மீறவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

தெரியாமலேதான் ஆரம்பித்தோம். ஹையலூரானிடேஸை நுனியிலும் மடலிலும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து நிறத்தைப் பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்து. நல்லவேளை, உள்ளே இருந்தது கரையும் வகை. பெரும்பகுதி தோல் பிழைத்தது. நுனிக்கு இடப்பக்கம், மூக்குத்தி குத்திய இடத்துக்குச் சற்று மேலே, பச்சைப்பயறு அளவுக்கு ஒரு குழி தங்கிவிட்டது. எந்தப் பள்ளத்தை நிரப்பப் போனாளோ அதைவிடப் பெரிய பள்ளம்.

அந்த ஹையலூரானிடேஸ் பற்றி ஒரு வார்த்தை. 1500 யூனிட் வயல் (மருந்துக் குப்பி). கண்புரை அறுவைக்குக் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியில் கலப்பதற்காக நம் ஊர்க் கண் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக வைத்திருக்கும் மருந்து. ஒரு சிரிஞ்சு ஃபில்லரின் விலையில் அது ஒரு துளி. ஆனாலும் வாங்கி வைக்காமல் ஃபில்லர் போடும் இடங்கள் இருக்கின்றன. குழாய் அடைத்தால் ஒரு வயல் போதாது என்பதால், ஒன்றே ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு "எங்ககிட்ட இருக்கு" என்று சொல்வதும் கணக்கில் சேராது.

விதி எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவத் தொழில் நடத்தை விதிகள் இன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. கோப்பை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்றும் அதுவே சொல்கிறது. காய்ச்சலுக்கு வந்து போன உள்நோயாளிக்கு மூன்று வருஷம் சரியாக இருக்கலாம். மூக்குக்குள் வைத்த இம்பிளான்ட் மூன்று வருஷத்தில் கரைந்து போவதில்லை. மேலும், கேட்டால் கொடு என்பது, கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே உதவும். பள்ளத்தை நிரப்ப ஊசி போடப் போகிறவளுக்கு நாலு வருஷத்துக்கு முந்தைய வெட்டுக்கோடு முக்கியம் என்று எப்படித் தெரியும்?

நோயாளிகளை நாடி விளம்பரம் செய்யக் கூடாது என்பதும் அந்த விதிகளில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அது எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமுடி நடுதலில் நடந்த கூத்துகளுக்குப் பிறகு, தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூப் பார்த்தும் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்தும் அழகுச் சிகிச்சைக்குத் தகுதி வந்துவிடாது என்று அதில் இருக்கிறது. பாராட்ட வேண்டியதுதான். அது யார் செய்யலாம் என்பதைப் பேசுகிறது. எந்த மூக்கில், எதைத் தெரிந்துகொண்டு செய்யலாம் என்பதைப் பேசவில்லை. பட்டம் பெற்ற தோல் டாக்டருக்கும் கோப்பு இல்லாத மூக்கு இருட்டுதான்.

பியூட்டி பார்லரில் ஊசி போடுகிறவர்கள் உங்கள் பதிவேட்டில் இல்லை, தெரியும். அவர்களைத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி நலப்பணிகள் இணை இயக்குநர்கள் பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த மடலின் நகலை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநருக்கும் அனுப்புகிறேன். ஆனால் பார்லர்களை மட்டும் காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நான் சொன்ன பெண்ணுக்கு ஊசி போட்டவர் பதிவு பெற்ற டாக்டர்.

கேட்பதைச் சொல்கிறேன். மூக்கில் அழகு அறுவை செய்யும் ஒவ்வொருவரும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு தனிப் பக்கம் கொடுக்கட்டும்: எந்த வழியாகத் திறந்தது, எங்கே வெட்டியது, எங்கே ஒட்டியது, எதை வைத்தது, மடலின் அடியைக் குறுக்கியிருந்தால் எவ்வளவு. ஒரு மூக்குப் படம் அச்சடித்துக் கொடுத்தால் பேனாவால் கோடு போட ஐந்து நிமிஷம் ஆகாது. பல சீஃப்கள் இதைத் தங்கள் சொந்த நோட்டில் ஏற்கெனவே வரைந்து வைத்துக்கொள்கிறவர்கள்தான். தியேட்டர் மேஜையில் அந்தப் படங்களை நானே எடுத்து அடுக்கியிருக்கிறேன். அதன் ஒரு பிரதி வீட்டுக்குப் போகட்டும். மருத்துவமனையில் இருக்கும் பிரதியை மூன்று வருஷத்தில் அகற்றாமல், இம்பிளான்ட் வைத்த கேஸ்களிலாவது காலத்துக்கும் வைத்திருக்கச் சொல்லுங்கள். கணினியில் ஏற்றினால் அலமாரிகூட அடையாது.

ஊசி போடுகிறவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததாகத் தன் கேஸ் ஷீட்டில் எழுதட்டும். பக்கம் இல்லை என்றால், மூக்கு அறுவையில் கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் அனுப்பட்டும். அறுவை முடிந்து ஒரு வருஷம் ஆகாத மூக்கை, அறுத்தவரே தேவை என்று எழுதிக் கொடுத்தாலன்றி, தொட வேண்டாம். கரையாத எதையும் அறுவை நடந்த மூக்கில் வைப்பதை நேரடியாகத் தடை செய்யுங்கள். அதில் வாதப் பிரதிவாதத்துக்கு இடமே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஊசி போடும் அறையில் தேவையான எண்ணிக்கையில் ஹையலூரானிடேஸ் இருக்கட்டும். கண்ணில் ஏதாவது என்றால் எந்தக் கண் மருத்துவமனைக்கு, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பது சுவரில் ஒட்டியிருக்கட்டும். ஸ்டிக்கர் நோயாளி கைக்குப் போகட்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். அதில் "அரிதான பக்கவிளைவுகள்" என்று பூசி மெழுகாமல், தோல் அழுகலாம், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போகலாம் என்று இருக்கட்டும். அதைப் படித்த பிறகும் போடுகிறவர்கள் போடட்டும், அது அவர்கள் முடிவு.

சிக்கல் நேர்ந்தால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க ஒரு படிவமும் வேண்டும். தண்டனைக்காக என்று வைத்தால் யாரும் அனுப்ப மாட்டார்கள். டாக்டர் பெயர் இல்லாமல் கேஸ் விவரம் மட்டும் வாங்கினால் வரும்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். டீ இடைவேளைகளில் எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது. "நோட்ஸைக் கையில் கொடுத்தால் நாளைக்கு வக்கீலோடு வருவான்" என்பது முதலாவது. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து இந்தப் பயம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போகிறவர் எப்படியும் 72 மணி நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார். கையில் இல்லாததால் நஷ்டப்படுவது கோர்ட்டுக்குப் போகாத சாதுவானவர்தான். தெளிவாக எழுதிக் கொடுத்த டாக்டரை, அடுத்தவர் ஊசியால் வந்த வினையிலிருந்து அந்தப் பக்கமே காப்பாற்றும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

"இரண்டாவது டாக்டர் என் வேலையைக் கேலி செய்வார்" என்பது இரண்டாவது. வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் பெரிய காரணம் இதுதான். இதற்கு மருந்து என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: ஒரு வருஷம் கழித்து வரும் நோயாளியை முகம் சுளிக்காமல் உட்கார வைத்து, "பள்ளம் தெரியுது, பார்ப்போம்" என்று சொல்லும் சர்ஜனிடமிருந்து யாரும் ரீல் பார்த்து வேறிடம் போவதில்லை. ரிவிஷனுக்கு மறுபடி முழுக் கட்டணம் கேட்கும் இடங்களிலிருந்துதான் ஊசிக்கு ஓடுகிறார்கள்.

இன்னொன்றையும் ஊசி போடுகிறவர்களுக்கு உங்கள் மூலமாகச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகு மூச்சு விட முடியவில்லை என்று வருகிறவர்களின் மூக்கை வெளியே நிரப்பி நேராகக் காட்டுவது சிகிச்சை ஆகாது. உள்ளே தாங்கும் குருத்தெலும்பு சரிந்திருந்தால் அதைத் தூக்கி நிறுத்த அறுவைதான் வேண்டும். கண்ணாடிக்கு நேராகத் தெரிந்தாலும் ராத்திரி வாயால் மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடப்பார்கள். ஃபில்லர் இருக்கும் மூக்கைப் பிறகு திறக்கும் சர்ஜனுக்கும் அது தலைவலி; முன்கூட்டியே சொன்னால் கரைத்துவிட்டுத் திறப்பார். சில ஜெல்கள் கம்பெனி சொல்லும் மாதக் கணக்கைத் தாண்டி வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கின்றன.

எந்த மூக்கு வைத்தாலும் திருப்திப்படாதவர்களும் வருவார்கள். கண்ணாடியில் மற்றவருக்குத் தெரியாத குறையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர். ஒன்றுக்கு மேல் அறுவை, அதற்கு மேல் ஊசி என்று வருகிறவரிடம் "வேண்டாம்மா" என்று சொல்லும் டாக்டரை எந்தச் சட்டமும் உருவாக்காது. ஆனால் கோப்பு கையில் இருந்தால், ஏற்கெனவே எத்தனை பேர் எத்தனை முறை தொட்டிருக்கிறார்கள் என்பதாவது அந்த டாக்டருக்குத் தெரியும்.

நான் சொன்ன ஒரு பக்கப் படிவத்தின் மாதிரியை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களும் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரும் பார்த்துத் திருத்திக் கொடுத்தது. மூக்குப் படம் நான் வரைந்தது. சுமாராகத்தான் இருக்கும், நல்ல ஓவியரைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, ஏற்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் வந்து விளக்கச் சொன்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிளாஸ்டிக் சர்ஜரி செவிலியர்,
சென்னை.

நகல்: இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம், சென்னை.